அத்தையின் ஆள்காட்டி விரல்

அத்தை நூற்பு மில்லில் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடுகிறவள். மாமா அதே மில்லில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிறவர். அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. மில் இரைச்சலில் யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது என்பதால் அங்கே எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பாஷையில் மாமாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. அத்தை மயங்கியது அதில்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பாஷை வீட்டுக்கும் வந்தது. வலது ஆள்காட்டி விரலின் நுனியை மடக்கினால் 'வா'. விறைப்பாக நீட்டினால் 'போ'. சின்ன வயதில் அவர்கள் சண்டையைப் பார்ப்பதே எனக்கு வேடிக்கை. சத்தமே இருக்காது, ஆனால் அனல் பறக்கும். அத்தை விரலை நீட்டுவாள். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பிப் பார்ப்பார். உடனே விரல் மடங்கும். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

வயதானதும் அந்த விரலின் நுனி மூட்டுத் தேய்ந்து வீங்கிவிட்டது. பொத்தான் போட்டாலே உயிர் போகிற வலி. நாலு வார்த்தை பேசிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வாள். அந்த அமைதியைத் தாங்காமல் மாமாதான் அவளை டாக்டரிடம் இழுத்துப்போனார். நானும் கூடப் போனேன்.

"தேஞ்சுபோன ரெண்டு எலும்பையும் ஒண்ணாச் சேத்து உள்ள ஒரு ஸ்குரூ வெச்சிடுவோம்மா. வலி போயிடும். ஆனா அந்த மூட்டு அப்புறம் அசையாது. நேரா வெக்கட்டுமா, கொஞ்சம் வளைச்சு வெக்கட்டுமா?" என்றார் டாக்டரம்மா.

அத்தைக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டில் ஒரு வார்த்தைதான் இனி மிஞ்சும்.

"இடது கை இருக்கே அத்தை," என்றேன்.

"அதுல பேசினா திக்கித் திக்கிப் பேசுற மாதிரி இருக்குமாம். உங்க மாமா கிண்டல் பண்ணுவார்."

அத்தை கையால் விஷயத்தைச் சொன்னதும் மாமாவோ, நேராகவே இருக்கட்டும் என்று தன் விரலை விறைப்பாக நீட்டிக் காட்டிச் சிரித்தார். திட்டு வாங்காவிட்டால் பொழுது போகாதாம். அத்தை டாக்டரம்மா பக்கம் திரும்பினாள்.

"வளைச்சே வெச்சிடுங்கம்மா. போன்னு நிறையவே சொல்லியாச்சு."

கட்டுப் பிரித்து, வலியும் போய்ச் சில வாரம் இருக்கும். மாமா குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஓடுகிற சத்தம் அவருக்கு எங்கே கேட்கப் போகிறது? வீடு முழுக்க வெள்ளம். கடையிலிருந்து வந்த அத்தை கோபத்தில் எல்லாவற்றையும் மறந்து, வாசலைப் பார்த்து விரலை நீட்டினாள். நுனி மட்டும் மடங்கியே நின்றது.

மாமா பேப்பரை மடித்து வைத்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்து, கூப்பிட்டாயே, என்ன, என்று அவள் முகத்துக்கு நேரே கையால் கேட்டார். அத்தை அழுதுவிட்டாள்.