சின்னுவின் ஃப்ளாப்பி

சின்னு... ஃப்ளாப்பி உள்ளே போனதும் 'கர்... கர்...' என்று ஒரு சத்தம் வருமே, அது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை, கண்ணு.

படிக்கிறவங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சின்னு என் தங்கை. அம்மா அப்பா போன பிறகு நான்தான் வளர்த்தேன். நான் அஞ்சாவதோடு சரி. அவளை கம்ப்யூட்டர் படிக்க வைத்தேன். உக்கடத்தில் ஒரு நூல் கம்பெனி ஆபீஸ். அவள் அங்கே கம்ப்யூட்டர் பார்த்தாள். நான் அதே ஆபீஸில் கூட்டிப் பெருக்கி டீ போட்டேன். தொண்ணூறுகளின் கடைசி அது.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்கு இருதய வால்வு கெட்டுப்போயிருந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். ஆபரேஷன் செய்தே ஆகணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனியில் எல்லா மிஷினுக்கும் புது விண்டோஸ் ஏற்றச் சொன்னார்கள். காரமடை ஆபீஸ், உடுமலை ஆபீஸ் மிஷின்கள்கூட வேனில் வந்து இறங்கின. இவள் போய் லீவு கேட்டாள்.

"ஏனம்மணி, இத விட்டுப்போட்டு நீ போய்ட்டீன்னா யாரு பாப்பாங்க? எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்துப்போட்டு தாராளமா போ" என்றார் மேனேஜர்.

கெட்ட மனுஷர் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒவ்வொரு மிஷினுக்கும் முன்னால் ஆள் உட்கார வேண்டும். உள்ளங்கை அகலத் தகடு, அந்த ஃப்ளாப்பியை மிஷினுக்குள் மாற்றி மாற்றிப் போட வேண்டும். நடுநடுவே அது கேள்வி கேட்கும்... பேர் என்ன, எந்த ஊர் நேரம், எந்த பிரிண்டர் என்று. பதில் அடித்தால்தான் மேலே போகும். எழுந்து போய்விட்டால் அப்படியே நிற்கும். இந்தக் கணக்கில் போனால் மாசக்கணக்காகும் என்று சின்னு தலையில் கை வைத்தாள்.

அப்புறம் ஒரு நாள் டீ கொண்டுபோனேன். கண் பளபளவென்று இருந்தது அவளுக்கு.

"அக்கா, இது என்னென்ன கேக்கும்னு எனக்கு மனப்பாடம். எல்லாத்துக்கும் மொதல்லயே பதில் எழுதி ஒரே ஃப்ளாப்பில போட்டுட்டா? விண்டோஸ் பூராவும் மூலைல இருக்கற அந்தப் பெரிய மிஷின்ல இருக்கட்டும். ஒயர் வழியா இந்தச் சின்ன மிஷினுக தானாவே எடுத்துக்கும்."

"அப்ப நீ ஒக்கார வேண்டாமா?"

"நான் இல்லாட்டியும் அதும்பாட்டுக்கு ஏறும்க்கா."

எனக்கு அது நல்ல சேதியாகத்தான் பட்டது.

முதல் தடவை ஒரு மிஷினில் போட்டுவிட்டு என்னோடு சாப்பிட வந்தாள். தக்காளிச் சோறு. அவசரமாகத் தின்றுவிட்டுப் போய்ப் பார்த்தால்... பாதியில் நிற்கிறது. திரையில் ஒரு கேள்வி.

"ஒன்னே ஒன்னுக்குப் பதில் எழுதாம விட்டுப்போட்டேன்க்கா. அதுக்காவ அங்கயே நின்னுட்டுக் கெடக்குது பாரு, பாவம்."

மிஷினுக்குப் போய் பாவம் பார்த்தாள்.

மறுபடி எழுதினாள். நீள மேசையில் எல்லா மிஷினையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஃப்ளாப்பியைப் போட்டு சுவிட்சைத் தட்டினாள். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தரும் தொடவில்லை. எல்லாத் திரையிலும் நீலப் பட்டை நகர்கிறது.

கேஷியர் எட்டிப் பார்த்தார். "ஏனம்மணி, மிஷினுக்கு முனி கினி புடிச்சுக்கிச்சா? தானா ஏறுது!"

"ஏனுங்ணா, உங்க வேலையவும் இதுலயே எழுதிப் போட்டுரட்டுங்ளா? நீங்க ஊட்ல காலை நீட்டிப் படுத்துக்கலாம்."

"அய்யோ சாமி, எம்பொழப்புல மண்ணள்ளிப் போட்றாத!"

சிரித்தாள்... மூச்சு வாங்கும்வரை சிரித்தாள்.

மாசக்கணக்கு என்று பயந்த வேலை அந்த வாரத்திலேயே முடிந்தது. மேனேஜர் சொன்ன வாக்குத் தவறாமல் லீவு கொடுத்தார். லீவு கிடைத்த கையோடு ஆபரேஷனுக்கும் நாள் கிடைத்தது.

உள்ளே கூட்டிப்போகும்போதும் சிரித்துக்கொண்டுதான் போனாள்.

"வாரேன்க்கா. டீ குடிச்சயா நீயி? போய்க் குடி மொதல்ல."

நீ வரவில்லை, சின்னு.

காரியம் முடிந்து நான் அதே வேலைக்குத்தான் திரும்பிப் போனேன். வேறு போக்கிடம் ஏது? ஒரு நாள் ஒரு மிஷின் கெட்டுப்போனது. புதிதாக வந்த ஆள் உன் ஃப்ளாப்பியைப் போட்டான், சுவிட்சைத் தட்டினான், டீ குடிக்கக் கிளம்பிவிட்டான். நான் விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நீ சொன்ன மாதிரியே... அதும்பாட்டுக்கு ஏறியது. உன்னை யாரும் கேட்கவில்லை.

அந்த யோசனை உனக்கு வராமலே இருந்திருந்தால்? ஃப்ளாப்பியை மாற்றி மாற்றிப் போட்டு, மிஷினைத் திட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்ச மாசம் உட்கார்ந்திருப்பாய். நான் டீ கொண்டுவந்து வைத்திருப்பேன். தள்ளிப்போட்டிருந்தால் அந்த இருதயம் தாங்கியிருக்காது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன...

இப்போ என் ஃபோன் இருக்கிறதே, நான் தூங்கும்போது தானாகவே ஏதோ ஏற்றிக்கொள்கிறது. ஒரு கேள்வி கேட்பதில்லை. ஃப்ளாப்பி என்றால் பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. அந்த வால்வு ஆபரேஷன்கூட இப்போ சாதாரணமாம். பக்கத்து வீட்டுப் பெண் செய்துகொண்டு வந்தாள். அவளே வாசலில் தண்ணீர் தெளிக்கிறாள். எனக்குப் பார்க்க முடியவில்லை, கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

மிஷின் கேட்கப்போவதை எல்லாம் முன்னமே யோசித்துப் பதில் எழுதி வைத்தாய். நான் கேட்பதற்கு நீ எழுதி வைக்கவில்லை. அன்றைக்குத் திரையில் ஒரு கேள்வியோடு நின்றதே, அந்த மிஷின் மாதிரி, ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளியே நின்ற இடத்திலேயே நிற்கிறேன் நான்.

சிரிச்சுக்கிட்டே போனயே கண்ணு... உள்ள உனக்குப் பயமா இருந்துச்சா?