மேலாளருக்கு இரண்டு சுவர் பின்னால்

"பதறாதீங்கம்மா, ஆள் கிளம்பியாச்சு. கதவை மட்டும் தள்ளாதீங்க" என்று, லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணிடம் தோளில் இடுக்கிய தொலைபேசியில் சொல்லிக்கொண்டே, மேசைக்கு அடியில் செல்போன் ஆட்டத்தில் கட்டைவிரலால் வட்டத்தைச் சதுரமாக்கி ஒரு சுவரைத் தாண்டிவிடுகிறார். லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் புகார் எழுத்தர் அவர். ஆள் கிளம்பவில்லை, ஆளுக்கு இன்னும் சொல்லவே இல்லை. நடுவில் நிறுத்தினால் ஆட்டம் போய்விடுமே.

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. செல்போன் திரையில் ஓர் உருவம் ஓடிக்கொண்டே இருக்கும். எதிரே சுவர் வரும், சுவரில் ஓட்டை இருக்கும். ஓட்டை வட்டமென்றால் வட்டமாக, முக்கோணமென்றால் முக்கோணமாகத் தட்டி உருமாற வேண்டும். தவறினால் மோதிச் சிதற வேண்டியதுதான். யார் எத்தனை சுவர் தாண்டினார்கள் என்பது பட்டியலில் எல்லோருக்கும் தெரியும்.

அலுவலகமே ஆடுகிறது. பட்டியலில் முதலிடம் மேலாளருக்கு: நானூற்றுப் பன்னிரண்டு சுவர். அதைத் தாண்டக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. போன வருடம் தாண்டிய மெக்கானிக் ஒருவர் இப்போது ஜன்னலில்லாத கிடங்கில் போல்ட் எண்ணிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

நம் எழுத்தர் கழிப்பறையில், பட்டியலில் ஏறாதபடி இணையத்தை அணைத்துவிட்டு ஆடும்போது தொள்ளாயிரம் வரை போவார். வெளியே வந்தால் நானூற்றுப் பத்து. ஒரு சுவர் கூடாது, குறையாது. முக்கோண ஓட்டைக்கு வட்டத்தைக் கொண்டுபோய் முட்டிவிட்டு, மேலாளர் காதில் விழும்படி பெருமூச்சு விடுவார்: "ச்சே, உங்ககிட்டகூட வர முடியல சார்." நூறிலேயே செத்துப்போகும் சக ஊழியரைக் கண்டால் அவருக்கு இளக்காரம். "தோக்குறதுலயும் ஒரு மரியாதை வேணும்யா. கிட்ட வந்து தோக்கணும். அப்பத்தான் ஜெயிச்சவருக்கு ருசி."

ஆறு வருடமாக ஒப்பந்த வேலை. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்புக் கடிதம் வர வேண்டும். குடியிருக்கும் வீடும் கம்பெனியுடையது; வேலை போனால் முப்பது நாளில் காலி செய்து ஊரைவிட்டே கிளம்ப வேண்டும். மகளுடைய பள்ளிப்பையை வாங்கும்போதுகூட மனைவி கேட்டாள்: "பெருசா வாங்கலாமா, இல்ல வர்ற வருஷம் இங்க இருப்போமான்னு பாத்துட்டு வாங்கலாமா?"

போன வாரம் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் நிரந்தரமாக்கும் கோப்பு விரிந்து கிடந்தது. எழுத்தரின் பெயர் இருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை. மேலாளர் கையில் மூடி திறந்த பேனா.

"அடுத்த கிளைக்காரன் நானூத்தி முப்பது எடுத்துட்டு, காலையிலேர்ந்து படம் படமா அனுப்புறான்" என்றார். தன் செல்போனை நீட்டினார். "என் பேர்லயே நீங்க ஆடுங்க. உங்க கையைப் பத்தி எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

எழுத்தருக்குக் காது சூடாகிவிட்டது. உட்காராமலே ஆடினார். இருநூறு, முந்நூறு, நானூறு. மேலாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். பேனாவின் மூடி எங்கோ உருண்டது.

நானூற்றுப் பத்து.

முக்கோண ஓட்டை வந்தது. கண் பார்த்தது, மூளையும் சொன்னது. ஆறு வருடம் பழகிய விரல் மட்டும் அசையவில்லை. வட்டம் போய்ச் சுவரில் முட்டிச் சிதறியது. அதைவிடக் கொடுமை, வாய் தன் பங்குக்குத் தானாகத் திறந்தது:

"ச்சே, உங்ககிட்டகூட வர முடியல சார்."

மேலாளர் தன் செல்போனைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "ஓஹோ" என்றார். "இத்தனை நாளா வேணும்னேதான் முட்டினீங்களா?"

பிறகு உட்கார்ந்து, வலது கையில் பேனாவை வைத்துக்கொண்டே இடது கையால் மேசையைத் துழாவினார். கையெழுத்துப் போடாமலே பேனாவை மூட, மூடியைத் தேடுகிறார். அது மேசைக்கு அடியில் கிடந்ததை எழுத்தர்தான் முதலில் பார்த்தார். சட்டென்று மண்டியிட்டு எடுத்து, சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.