மெஸ்ஸோடு வரச் சொன்னால் வருகிறேன்

வளைகுடா நாட்டில், முசஃபாவில் எங்கள் தொழிலாளர் கேம்ப்பை மூடப்போகிறார்கள் என்று தெரிந்த வாரம் நான் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பாதிப் பேர் ஆபீஸ் பக்கத்துப் புதுக் கட்டடத்துக்கு, மீதிப் பேர் பாலைவன ஓரத்து கேம்ப்புக்கு. கம்பெனி நம்பர் வரிசைப்படி வெட்டிவிடலாம் என்றார் கேம்ப் பொறுப்பாளரான கீழக்கரை பாய். எனக்குப் பகீரென்றது. எங்கள் வாழ்க்கையே மெஸ்தான். ஏழெட்டுப் பேர் சேர்ந்து அரிசி வாங்கி, முறை வைத்துச் சமைத்து, ஒரே விரிப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற கூட்டுக்கு அதுதான் பெயர். நம்பர்படி வெட்டினால் ஒன்றும் மிஞ்சாது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க பாய், நான் பிரிச்சுத் தர்றேன்" என்று வாய் கொடுத்துவிட்டேன்.

வாய்க்கொழுப்புக்குக் காரணம் உண்டு. ஆபீஸில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் எம்.சி.ஏ. படித்தேன், வலைப்பின்னலுக்குள் குழுக்களைக் கண்டுபிடிப்பதுதான் என் ப்ராஜெக்ட். ஆளுக்கு ஒரு புள்ளி. சேர்ந்து சாப்பிடுகிறவர்கள், உறவுக்காரர்கள் நடுவே ஒரு கோடு. கண்ணை மூடிக்கொண்டு பிரித்தால் எத்தனை கோடு அறுபடாமல் தங்குமோ, அதைவிட எவ்வளவு அதிகம் தங்குகிறது என்பதுதான் மதிப்பெண். ப்ரோகிராம் ஒவ்வொரு ஆளாக எதிர்ப்பக்கம் நகர்த்திப் பார்க்கும். மதிப்பெண் ஏறினால் அங்கேயே விடும், இறங்கினால் திருப்பிக் கொண்டுவரும்.

கொஞ்சம் ஏறியது. அப்புறம் சண்டி மாடு மாதிரி படுத்துக்கொண்டது. அண்ணன்கள் இருந்த மெஸ் ஒரு பக்கம், அவர்களோடு கூடப்பிறந்த தம்பிகள் இருந்த மெஸ் மறுபக்கம். எவனை நகர்த்தினாலும் அவன் மெஸ்ஸோடு இருந்த கோடுகள் அறுந்து மதிப்பெண் இறங்கியது. எரிச்சலில் கீபோர்டை உடைக்கத் தோன்றியது.

வெள்ளி மதியம் பாய் வந்து தோளைத் தட்டினார். "என்ன தம்பி, ஆகலையா? விட்டுத்தள்ளு. யார் எங்க போனாலும் ஆபீஸ் ஸ்டாஃப் நீ ஆபீஸ் பக்கத்துக் கட்டடத்துலதான். தனி ரூம் தர்றேன்."

"தனியாவா? மெஸ்ஸோட வரச் சொன்னா வர்றேன் பாய்."

சொன்ன மறுநொடி உடம்பெல்லாம் சிலிர்த்தது. நானே தனியாக நகரமாட்டேன் என்கிறேன், மற்றவன் எப்படி நகர்வான்? மெஸ்ஸையே ஒரு புள்ளியாக்கி, மெஸ் மெஸ்ஸாக நகர்த்த வேண்டும். நாலு வரி மாற்றி ஓட்டினேன். ஏறியது. மறுபடி ஏறியது. அண்ணன்களும் தம்பிகளும் ஒரே பக்கம் வந்து சேர்ந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் மெஸ்ஸின் சமையல் புலி, புதுக்கோட்டை வெல்டர், தட்டோடு வந்து எட்டிப் பார்த்தார். "மாப்ளே, சோறு ஆறுது. லாட்டரி ஏதும் அடிச்சிருக்கா?" அதைவிடப் பெரியது அடித்திருந்தது.

பாய் அந்தப் பிரிவினையை நாலு மெஸ்ஸில் காட்டி விசாரித்துவிட்டு வந்தார். "கலாஸ், முடிஞ்சுது, இதுதான்" என்றார். அப்புறம்தான் கவனித்தேன், எங்கள் மெஸ் பாலைவன ஓரத்துக்குப் போயிருந்தது.

"நீ மட்டும் ஆபீஸ் பக்கம்" என்றார் மறுபடியும்.

என் புள்ளியை மட்டும் ஆபீஸ் பக்கம் நகர்த்திக் காட்டினேன். மதிப்பெண் இறங்கியது.

"ஒரு ஆளுக்கா இறங்குது?"

"நான்தானே பாய் அந்த ஆளு."

முறைத்தார். "சரி, பஸ்ஸுல வந்து போ. லேட்டானா சம்பளம் கட்."

நடந்து போகிற தூரத்தில் கிடைத்த தனி ரூமை விட்டுவிட்டு வருஷக்கணக்கில் பஸ்ஸில் வந்துபோனேன். அதே பஸ்ஸில் வேலைக்கு வரும் வெல்டர் என் தோளில் சாய்ந்து தூங்குவார். என் மடியில் அவர் கட்டிக்கொடுத்த மீன் குழம்பு இருக்கும், ஆபீஸ் போய்ச் சேரும்போதும் சூடாக.