நாய்க்கு மட்டும் வெளியூர் சம்பந்தம்

ராஜபாளையத்தில் என் அண்ணன் நாய் வளர்க்கிறார். வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும், மூக்கு ரோஸாக இருக்க வேண்டும். உடம்பில் ஒரு புள்ளி தெரிந்தால் அந்தக் குட்டிக்கு அங்கே மரியாதை இல்லை. சுத்தம் கெடக் கூடாதென்று ஒரு வயிற்றுக் குட்டிகளையே இணை சேர்த்தார். பிறந்ததில் பல செவிடு. பின்னால் தட்டைப் போட்டு உடைத்தாலும் திரும்பாது.

அதற்குப் பிறகுதான் அண்ணனுக்கு ஞானம் பிறந்தது. இப்போது பெட்டைக்கு ஆண் தேடித் தளவாய்புரம், கூமாப்பட்டி என்று பைக்கில் அலைகிறார். மூன்று தலைமுறை விசாரிக்காமல் சம்மதிக்க மாட்டார். "ஒரே ரத்தத்துக்குள்ள சேத்தா கோளாறு வந்துரும்ட்டி" என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் உயிரியல் டீச்சராக இருக்கும் எனக்கே பாடம் நடத்துவார்.

இந்த மேதாவிதான் போன ஆவணியில் தாம்பாளத்தில் பூ, பழத்தோடு வந்து, என் மகளைத் தன் மகனுக்குக் கேட்டார். "மொறப்பொண்ணு இருக்கையில வெளிய எதுக்குப் போவணும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே தாய்மாமனைக் கட்டியவள். எங்கள் மூத்த மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தாயிடமிருந்து ஒரு மரபணு, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒன்று மட்டும் பழுதென்றால் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும். சொந்தத்துக்குள் கட்டினால் இரண்டு பழுதும் ஒரே பிள்ளையிடம் சேர வாய்ப்பு அதிகம். வருஷா வருஷம் இதைக் கரும்பலகையில் எழுதிப்போடுவேன். இரண்டு மதிப்பெண் கேள்வி. வீட்டுக்கு வந்ததும், "எல்லாம் தலையெழுத்து" என்று சொந்தக்காரர்கள் சொல்வதற்குத் தலையாட்டுவேன். ஊருக்குத்தான் உபதேசம். என்னைப் போல வெட்கங்கெட்ட டீச்சர் இன்னொருத்தி இருக்க மாட்டாள்.

அன்று தலையாட்டவில்லை.

"ஒங்க நாய்க்குக் கூமாப்பட்டி வரைக்கும் மாப்பிள்ள தேடுறீகளே அண்ணே, எம் மகளுக்குத் தேட ஒரு ஊரும் இல்லையா?"

"மனுசனும் நாயும் ஒண்ணாட்டி? ஒம் மூத்தவன் அப்பிடிப் பொறந்தது கெரகம்."

ஒரு தாளைக் கிழித்து எங்கள் வம்சத்தை வரைந்தேன். அண்ணியின் கோட்டையும் எங்கள் அப்பாவின் கோட்டையும் தவிர, எந்தக் கோட்டைப் பிடித்துப் போனாலும் அம்மாவைப் பெற்ற அதே தாத்தா ஆச்சியிடம்தான் போய் நின்றது. மூத்தவனின் கட்டத்தைக் கறுப்பாக்கினேன். அண்ணன் மகனுக்கும் என் மகளுக்கும் கீழே வெற்றுக் கட்டம் ஒன்று போட்டேன்.

"இதுல எப்பிடிப் பிள்ள வரும்னு நீங்களே சொல்லுங்க. எம் பொண்ணத் தர மாட்டேன்."

அண்ணன் அதைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நாய் விஷயத்தில் தேறியவர், புரியாமல் இருக்காது. தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இத வேற யார்ட்டயும் வரஞ்சு காட்டிராத. பொறவு எம் பையனுக்கு வெளிய எவன் பொண்ணு குடுப்பான்?"