ஜமக்காளக் கவசம்

போன சனிக்கிழமை தோட்டத்துக்கு வேலி போடக் கம்பி வாங்கப் போயிருந்தேன். தக்காளிச் செடிகளை மான் மேய்ந்துவிடுகிறது. மான் என்றதும் நீங்கள் உருகிவிட வேண்டாம். டெக்ஸாஸ் மான் என்பது கொஞ்சம் உயரமான ஆடு, அவ்வளவுதான். கடையின் கடைசி வரிசையில் ஜி.ஐ. கம்பிச் சுருள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றைக் கையில் எடுத்ததும் அந்த வாசனை வந்தது. உள்ளங்கையில் நெடுநேரம் வைத்திருந்த சில்லறைக் காசின் வாசனை. என்னையறியாமல் சுருளை மூக்கருகே கொண்டுபோய்விட்டேன் போலிருக்கிறது.

"அம்மா, ஆர் யூ ஸ்மெல்லிங் த வயர்?" என்றாள் கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கும் மகள். ஆமாம் என்றேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எனக்குச் சம்பந்தமில்லாதவள் போலப் பெயின்ட் டப்பாக்கள் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

அந்தக் கம்பியோடு கொஞ்சம் நல்லெண்ணெயும் சேர்ந்தால், அதுதான் நான் இந்த ரவுண்ட் ராக் ஊருக்கு வந்த புதிதில் எங்கள் வீட்டு வாசனை. அவளுக்குச் சொன்னால் நம்ப மாட்டாள். உங்களுக்குச் சொல்கிறேன்.

கல்யாணமாகி வந்தபோது என் விசாவில் நான் வேலை பார்க்கக் கூடாது. சென்னையில் ஒரு கம்பெனியில் ஆயிரம் பேர் சம்பளம் கணக்கிடும் புரோகிராமை எழுதிக்கொண்டிருந்தவள், இங்கே வந்து சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். என் பெயருக்கு எதிரே டிபெண்டன்ட் என்று போட்டிருந்தது. என் கணவர் பாஸ்கர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்பார். அவர் பெயருக்கு எதிரே அப்படிப் போடவில்லை, அதனால் அவரால் சொல்ல முடிந்தது. காலையில் அபார்ட்மென்ட் வாசலிலிருந்து கார்களெல்லாம் கிளம்பிப் போன பிறகு அங்கே மிச்சமிருப்பது அணில்களும் நாங்களும்தான். நாங்கள் என்றால் நானும் மாடி வீட்டுக் கோகிலாவும்.

கோகிலாவுக்குச் சொந்த ஊர் ஜமக்காளத்துக்குப் பேர்போன பவானி. கணக்கில் எம்.எஸ்ஸி. என்னைவிட ஒரு வயது மூத்தவள் என்பதால் என்னைக் கண்ணு என்று கூப்பிடுவாள். மற்றவர்கள் பெட்டியில் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டுவந்தார்கள் என்றால், அவள் ஜமக்காளம் கொண்டுவந்திருந்தாள். அமெரிக்காவில் தரை சில்லென்று இருக்கும் என்று அவள் அப்பாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவரும் பெண்ணுக்குச் சீராகச் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் பட்டை பட்டையாக நெய்த, புல்லட் வண்டியை ஏற்றினாலும் கிழியாத ஜமக்காளங்களைச் சுருட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இங்கே வந்து பார்த்தால் சுவருக்குச் சுவர் கார்ப்பெட். ஜமக்காளங்கள் அலமாரிக்குள் நின்றுகொண்டிருந்தன, வேலைக்குப் போக முடியாத இன்னொரு கூட்டமாக.

ஒரு நாள் காலை நடைக்குப் போகும்போது கீழ்த்தள மூலை வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் உட்கார்ந்து, இரண்டு கைகளிலும் குறடு வைத்துக்கொண்டு சின்னச் சின்னக் கம்பி வளையங்களைக் கோத்துக்கொண்டிருந்தார். பெயர் டெப். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஏதோ பாசிமணி நகை என்று நினைத்துக் கிட்டே போனோம். நகையில்லை, சட்டை என்றார் டெப். இரும்புச் சட்டை. யாருக்கு என்று கேட்டோம். தனக்குத்தான், ஞாயிற்றுக்கிழமை சண்டைக்குப் போட்டுக்கொண்டு போக என்றார். கோகிலா என்னைப் பார்த்தாள். வயதான காலத்தில் பாவம் என்ற பார்வை அது.

விஷயம் இதுதான். பழைய ஐரோப்பாவை வார விடுமுறைகளில் திரும்ப நடத்திப் பார்க்கும் ஒரு கூட்டம் இருந்தது. வாரம் முழுக்கப் பல் மருத்துவராகவும் குழாய் ரிப்பேர்காரராகவும் இருப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கரைப் பூங்காவில் வீரர்களாகிவிடுவார்கள். கவசம் நிஜ இரும்பு. துணி அந்தக் காலத்துத் துணியாக இருக்க வேண்டும், ஜிப் கூடாது, தையல் வெளியே தெரிந்தால் கைத்தையலாக இருக்க வேண்டும். வாள் மட்டும் பிரம்பு. ஆமாம், நாம் பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே பிரம்புதான், கொஞ்சம் தடிமனாக, மேலே டேப் சுற்றி. முதன்முதலில் டெப் அதை என்னிடம் நீட்டியபோது, பழக்க தோஷத்தில் நான் உள்ளங்கையை நீட்டினேன்.

பொழுது போகட்டும் என்றுதான் ஆரம்பித்தோம். இரும்புத் தடியில் கம்பியைச் சுற்றி, வெட்டி, வளையமாக்கி, ஒரு வளையத்துக்குள் நாலு வளையம் போகும்படி கோக்க வேண்டும். கோகிலாவுக்கு ஒரே மதியத்தில் கணக்குப் பிடிபட்டுவிட்டது. அக்குளுக்குக் கீழே எத்தனை வரிசையில் குறைக்க வேண்டும் என்று டெப்புக்கே திருத்தம் சொன்னாள். எனக்கு விரல்தான் நசுங்கியது. துரு ஏறாமலிருக்க ஏதாவது எண்ணெய் பூச வேண்டும் என்றார்கள். வீட்டிலிருந்தது இதயத்துக்கு நல்லதென்று என் மாமியார் அனுப்பிய செக்கு நல்லெண்ணெய். பூசினோம். வெயிலில் வைத்தால் சட்டை, மிளகாய்ப்பொடி தொட்டுச் சாப்பிடலாம் போல மணத்தது.

இரும்புக்குள்ளே போட்டுக்கொள்ள மெத்தை மாதிரி ஒரு கோட்டு வேண்டும், இல்லாவிட்டால் அடி நேராக எலும்புக்குப் போகும். கெட்டித் துணிக்கு எங்கே போவது என்று டெப் யோசிக்க, கோகிலா மாடிக்குப் போய் ஒரு ஜமக்காளத்தோடு இறங்கி வந்தாள். டெப் அதைத் தடவிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். உள்ளே பஞ்சு அடைத்து, பாஸ்கரின் கல்யாண வேட்டியை உள்துணியாக வைத்து, மூன்று பேருமாகக் கையாலேயே தைத்தோம். ஊசி இறங்காத இடத்தில் கோகிலா ஆணியால் ஓட்டை போட்டாள். பாஸ்கர் வேட்டியைத் தேடவில்லை. இன்றுவரை தேடவில்லை. விலாவுக்குக் காப்பாக டெப் ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாயை வெட்டிக் கொடுத்தார். அது வெள்ளரிக்காய் ஊறுகாய் வந்த பீப்பாய். ஆக என் மேல் வெளியே இரும்பு, நடுவே பவானி, உள்ளே ஊறுகாய்.

நான் யார் என்று இன்னும் முடிவாகவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் பழைய காலத்து ஆள் ஒருவராக இருக்க வேண்டும், ஆதாரத்தோடு. நம்மூர்ப் போர்வீரனாகவே இருக்கட்டும் என்று கோகிலா கோயில் சிற்பங்களின் படங்களை எடுத்து வந்தாள். டெப் வெகுநேரம் பார்த்தார். படத்தில் இருந்தவன் மேல் இடுப்புத் துணியும் கழுத்து மாலையும் தவிர ஒன்றுமில்லை. முழங்கைக்கு உறை இல்லாமல் களத்தில் விட மாட்டார்களே என்று மட்டும் சொன்னார். கடைசியில், தெற்கிலிருந்து கப்பலில் வந்து, தெரியாத ஊரில் இறங்கி, கிடைத்ததைப் போட்டுக்கொண்டு சமாளிக்கிற ஒரு காவல்காரன் என்று வைத்துக்கொண்டோம். ஆதாரம் கேட்டவர்களுக்கு டெப் என்னைக் கைகாட்டிவிட்டார். பெயர் யாருக்கும் வாயில் நுழையாததால் எல்லோரும் கோட்டின் பட்டைகளை வைத்து என்னை ஸ்ட்ரைப்ஸ் என்றே கூப்பிட்டார்கள்.

பாஸ்கரிடம் தையல் கிளாஸ் என்று சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நண்பர்களோடு கிரிக்கெட் ஆடப் போய்விடுவார், நான் அடி வாங்கப் போய்விடுவேன். முதலில் சொல்லும் அளவுக்கு எதுவும் இல்லை. பிறகு சொல்ல முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. தொடையிலிருந்த நீலக் கன்றலைப் பார்த்து ஒரு தடவை கேட்டார். பாத்திரம் கழுவும் மெஷினின் கதவு என்றேன். அந்த அப்பாவி மெஷினுக்கு அவர் ரப்பர் பட்டை ஒட்டினார்.

வசந்த காலத்தில் ஒரு பெரிய கூடல் வந்தது. பல ஊர்க்காரர்கள் வருவார்கள், நானும் முதல்முறையாக இறங்குவதென்று ஏற்பாடு. முந்தின நாள் பாஸ்கர் உற்சாகமாக வந்தார். அவருடைய மேனேஜர் கிரெக் பக்கத்து ஊரில் ஏதோ கத்திச் சண்டை விளையாட்டில் இருக்கிறாராம், டீமில் எல்லோரையும் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறாராம். "நீயும் வா. அவர்தான் க்ரீன் கார்டு ஃபைல் பண்ணனும். ஃபேமிலியா போய் நின்னா நல்லா இருக்கும்." எனக்குத் தலைவலி என்றேன். அந்த நிமிடம் நிஜமாகவே வலித்தது.

மறுநாள் களத்தின் ஓரத்தில் கோகிலா எனக்குக் கவசத்தின் வார்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பாஸ்கர் நின்றிருந்தார், கையில் நான் சுட்ட முறுக்குப் பொட்டலம். பக்கத்தில் கிரெக். தீபாவளி விருந்தில் பார்த்த அதே சிவப்புத் தாடி. சூரியனை மறைக்கிற ஆள். அடுத்த சண்டைக்குப் பெயர் கூப்பிட்டபோது அவர் முறுக்கை வாயில் போட்டுக்கொண்டு தலைக்கவசத்தை மாட்டினார். எதிரே யார் என்றால் நான்.

"நான் போகல. சுளுக்குன்னு சொல்லிடு" என்றேன்.

கோகிலா என் தலைக்கவசத்தின் வாரை இழுத்து இறுக்கினாள். "கண்ணு, எங்கப்பன் ஜமக்காளத்த இத்தன மாசமா குத்திக் குத்தித் தெச்சிருக்கறேன். அத மாட்டிக்கிட்டு ஓரமா நிக்கறதுக்கா? போயி அடி."

போனேன். இதற்கு நடுவில் ஒரு விதியைச் சொல்லிவிட வேண்டும். அந்த விளையாட்டில் நடுவர் யாரும் அடியைக் கணக்கெடுப்பதில்லை. நல்ல அடி பட்டதா இல்லையா என்று பட்டவரே சொல்ல வேண்டும். பட்டதென்றால் அவரே செத்து விழ வேண்டும். இவ்வளவு நம்பிக்கையில் நடக்கிற விளையாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கிரெக்கின் முதல் அடி என் கேடயத்தில் விழுந்தது. நான் பின்னால் தள்ளாடினேன். கயிற்றுக்கு வெளியிலிருந்து ஒரு தமிழ்க் குரல், "கமான் கிரெக்" என்று கத்தியது. என் கணவரின் குரல். அதுவரை எனக்கிருந்த பயம் அந்த இடத்தில் போய்விட்டது. எதற்கென்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கோபம் வந்தது. நான் குள்ளம், அவர் உயரம். அவர் மேலே பார்த்து வீசிக்கொண்டிருக்க, நான் கீழே புகுந்து பிரம்பை மேல்நோக்கிச் சுழற்றினேன். கணீரென்று அவர் தலைக்கவசத்தின் பக்கவாட்டில் கேட்டது. அவர் படவில்லை என்பது போலத் தலையை ஆட்டினார். சரி, புரோகிராமில் முதல் தடவை ஓடாவிட்டால் திரும்ப ஓட்டுவதுதானே வழக்கம். அதே இடத்தில் இன்னொன்று வைத்தேன். கிரெக் ஒரு கணம் நின்றார். பிறகு, ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் மாடிப்படியில் சாய்வது போல, மரியாதையாகப் புல்லில் விழுந்து செத்தார்.

எழுந்து வந்து கையைக் குலுக்கினார். ஜெயித்தவரோடு ஒரு போட்டோ வேண்டும், முகத்தைக் காட்டு என்றார். தலைக்கவசத்தின் வார் சிக்கிக்கொண்டதென்று டெப் குறுக்கே வந்தார், பஸ்ஸில் முப்பது பிள்ளைகளை அடக்கிய குரலில். அப்படியே எடுக்கலாம் என்று கிரெக் பாஸ்கரைக் கூப்பிட்டுவிட்டார்.

பாஸ்கர் போனைத் தூக்கிப் பிடித்தார். கீழே இறக்கினார். என் கவசத்தின் விளிம்பில் தெரிந்த சிவப்புப் பச்சைப் பட்டையைப் பார்த்தார். தள்ளி நின்று வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்த கோகிலாவைப் பார்த்தார். காற்றில் நல்லெண்ணெய் வாசனை வேறு. கம்பி இடுக்கு வழியாக என் கண்ணைப் பார்த்தார்.  எங்கள் விசா, க்ரீன் கார்டு, கல்யாணம் எல்லாம் அந்த இடுக்குக்குள் அடங்கி நின்றன.

"வீட்ல போய்ப் பேசிக்கலாம்" என்றார் மெதுவாக, முகத்தில் எதையும் காட்டாமல். "இப்ப சிரி. போட்டோ எடுக்கறேன்."

சிரித்தேன். இரும்புக்குள் யாருக்குத் தெரியப் போகிறது.

வீட்டுக்கு அவர் காரில் போனோம். சிக்னலில் நின்றபோது, "அவரு நெஜமாவே செத்தாரா, இல்ல விட்டுக் குடுத்தாரா?" என்று கேட்டார். நிஜமாகவே என்றேன். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே குலுங்கினார். அழுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தால் சிரிக்கிறார். சிரித்து முடித்ததும், தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நீங்கள் பகலில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டதேயில்லையே என்றேன்.  அடுத்த நாளிலிருந்து கேட்டார்.

ஆபீசில் கிரெக் அந்தக் கதையை எல்லோருக்கும் சொன்னாராம். தன்னை வீழ்த்திய பட்டைச் சட்டைக்காரன் நல்ல உயரம், தோள் இவ்வளவு அகலம் என்று. சாயங்காலம் பாஸ்கர் வந்து ஷூவைக் கழற்றும்போதே, "இன்னிக்கு நீ இன்னும் ரெண்டு இஞ்ச் வளர்ந்துட்ட" என்பார். கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களில் எல்லாம் கிரெக் கையெழுத்துப் போட்டார். வருகிற போகிற தீபாவளிகளில் என் கையால் வடை வாங்கிச் சாப்பிட்டார். கடைசிவரை தெரியாது.

அப்புறம் சட்டம் மாறி, எங்களைப் போன்றவர்கள் வேலை பார்க்கலாம் என்றானது. நான் மறுபடி புரோகிராம் எழுதப் போனேன், கோகிலா ஒரு வங்கியில் சேர்ந்து நியூ ஜெர்சிக்குப் போனாள். ஜமக்காளக் கோட்டு அவளோடு போனது. அதை விரித்துத்தான் அவள் மகன் தவழக் கற்றான் என்று கேள்வி. டெப் வாடகை ஏறியதும் வேறு மாநிலத்தில் மகனிடம் போய்விட்டார். முதல் இரண்டு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது, பிறகு வரவில்லை. பூங்காவில் நாங்கள் செத்து விழுந்த புல்தரையில் இப்போது சிமென்ட் போட்டு ஏதோ பந்தாட்டத்துக்குக் கோடு கிழித்திருக்கிறார்கள். சென்ற வருடம் அந்த அபார்ட்மென்ட் பக்கம் போனேன். மூலை வீட்டு வாசலில் ஆளில்லை. நடைபாதையில் சேலையோ சுடிதாரோ இல்லை. கதவுக்குக் கதவு அட்டைப்பெட்டிகள் மட்டும் வந்து உட்கார்ந்திருந்தன. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். நல்லதுதான். அதற்காக நாங்களும் மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

போன மாதம், பகல் பதினோரு மணிக்கு, என்னமோ தோன்றிக் கோகிலாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. கால் மணி நேரம் கழித்து, மீட்டிங்கில் இருப்பதாகவும் சாயங்காலம் பேசுவதாகவும் செய்தி வந்தது. உடனே பதில் எழுதவில்லை. நானும் அப்போது மீட்டிங்கில்தான் இருந்தேன்.