வாசலில் நின்ற காவல்

நாலாம் வகுப்போடு நின்றுவிட்டவள் நான். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தவை சில சொற்கள்தான். அவையும் ஏனோ ஆபத்தில் மாட்டியவர்களுக்கு உரிய சொற்களாகவே அமைந்துவிட்டன. மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்ததால் வாத்தியார் அவற்றைத் தேர்ந்தெடுத்தாரோ என்னவோ. ஹெல்ப், சேவ், ரெஸ்கியூ, புரொடெக்ட், ரிலீஸ் என்று கரும்பலகையில் எழுதி, பக்கத்திலேயே உதவு, காப்பாற்று, மீட்டு வா, பாதுகாப்புக் கொடு, விட்டுவிடு என்று தமிழும் எழுதிப்போட்டார். மற்ற பிள்ளைகள் மறந்துவிட்டார்கள். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். எப்போது தேவைப்படுமோ என்று முணுமுணுத்தே மனப்பாடம் செய்துகொண்டேன்.

ராசா என்ற ஊர்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, வேலிக்கு வெளியே ஒரு பருக்கைச் சோறு கொண்டுபோகவும் தடை. மரம் சீவப் போகிறவர்கள் தண்ணீர்ப் போத்தலோடு போய்ப் பசியோடு திரும்புவார்கள். காலையில் கேட்டில் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள்.

அந்த வாரம் அம்மாவுக்குச் சீவுவதற்குப் புது மர நிரை கொடுத்திருந்தார்கள். புது நிரையில் கத்தி வைக்குமுன் முதல் மரத்தடியில் முனியாண்டிக்கு ஒரு பிடிச் சோறு வைப்பது எங்கள் பழக்கம். வேலி வந்த பிறகு மற்றவர்கள் பூவும் சூடமும் வைத்துச் சமாளித்தார்கள். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. அரசாங்கம் தடுத்தது மனிதர் சாப்பாட்டைத்தான், சாமி பங்கு அதில் சேராது என்று அவளாகவே முடிவு செய்து, சோற்றை வாழையிலையில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பள்ளி விடுமுறை என்பதால் ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்குகளைத் துடைத்துக் கொடுக்க நானும் கூடப் போனேன்.

சோதனை செய்யும் பெண்ணின் கை அம்மாவின் இடுப்பில் நின்றது. இலை கீழே விழுந்து பிரிந்தது. மலாய்க்காரக் காவலர் சோற்றைக் காட்டி, "நாசி! நாசி!" என்று மலாயில் சோற்றின் பேரைச் சொல்லிக் கத்தினார். எங்களை வேலை வாங்கும் மண்டோர் ஓடி வந்தார்.

"என்னா தங்கச்சி இது? யாருக்குக் கொண்டு போற?"

"முனியாண்டிக்குண்ணே."

"முனியாண்டி எந்தக் காட்டுல இருக்கான்னு கேப்பாங்க லா! என்னா சொல்லப் போற?"

"சாமிக்கு வைக்கிறது சோறாண்ணே?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜீப் வந்து நின்றதும் அந்தச் சிரிப்பும் அடங்கியது. வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி கை காட்டி அம்மாவை அதில் ஏறவைத்தார். இப்படித்தான் ஒரு பொட்டலத்துக்காக ஜீப்பில் ஏறிய அடுத்த லயத்து அத்தை இன்னும் திரும்பி வரவில்லை. அது எனக்குத் தெரியும். ஆபீசில் கணக்கெழுதும் கிராணியார் வந்திருக்கவில்லை, மண்டோருக்கு இங்கிலீஷ் வராது. அவர் என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார்.

"ஏ புள்ள, இங்கிலீசு படிக்கிறீல்ல? பேசு லா!"

எதைச் சொல்வதென்று தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஹெல்ப் சார், சேவ் சார், ரெஸ்கியூ அம்மா, புரொடெக்ட் அம்மா, ரிலீஸ் அம்மா. அழுகையில் மூக்கு ஒழுகியது. அவர் குனிந்து என்னைப் பார்த்தார். காட்டைக் காட்டினார், அம்மாவைக் காட்டினார், தன் கழுத்தை விரலால் அறுப்பதுபோல் காட்டி என்னமோ கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் "யெஸ் சார்" என்றேன். அவர் நிமிர்ந்து, அம்மாவை ஜீப்பிலிருந்து இறங்கச் சொன்னார்.

அன்று மத்தியானமே துப்பாக்கியோடு ஒரு காவலர் எங்கள் வாசலில் வந்து நின்றார். காட்டுக்காரர்கள் மிரட்டித்தான் அம்மா சோறு கொண்டுபோனாள் என்று அதிகாரி நினைத்திருக்கிறார். நான் கேட்ட பாதுகாப்பைக் கொடுத்துவிட்டார். எனக்குப் பெருமை தாளவில்லை. அவர் நிற்கும்போது வேண்டுமென்றே உள்ளேயும் வெளியேயும் நடந்தேன்.

மறுநாள் குழாயடியில் அம்மா குடத்தை வைத்ததும் பேச்சு நின்றது. நாங்கள் திரும்பி நடக்கும்போது, "வெள்ளைக்காரன் சும்மாவா விட்டான்? யாரு பேரயோ சொல்லியிருக்கா. காவலு வேற!" என்று ஒரு குரல் கேட்டது. காட்டிக்கொடுத்தவர் என்று பெயர் எடுத்த ஒருவரைக் காட்டுக்காரர்கள் பக்கத்துத் தோட்டத்தில் கொன்று போட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

அப்பா காவலரிடம் போய்விடும்படி கையைக் கூப்பிக் கெஞ்சிப் பார்த்தார். அவர் மேலிடத்து உத்தரவு என்று தலையை ஆட்டினார். வாரக் கடைசியில் அப்பா வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கோலா சிலாங்கூரில் இருந்த சித்தி வீட்டுக்குச் சாமான்களை லோரியில் ஏற்றினார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"போலீசே காவலுக்கு நிக்குதேப்பா. ஏம்பா போவணும்?"

"ஏறு," என்றார் அப்பா.

லோரி நகர்ந்ததும் அந்தக் காவலருக்குக் கை காட்டினேன். அவரும் சிரித்தபடி கை காட்டினார். அம்மா என் கையைப் பிடித்து வெடுக்கென்று மடிக்குள் இழுத்துக்கொண்டாள். லயத்து வாசல்களில் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒருவரும் எங்களுக்குக் கை காட்டவில்லை. என் இங்கிலீஷின் மேல் அவர்களுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.