மாமா திருத்திய பாட்டு மெசின்

தனக்குத் திருத்தத் தெரியாத சாமான் உலகத்தில் இல்லை என்று என் மாமா சொல்லித் திரிவார். உம்மாவின் உடன்பிறந்த தம்பி. கல்முனை பஸார் ஓரத்தில் கைபேசி திருத்துகிற சின்னக் கடை வைத்திருந்தார். அந்தக் கடையில்தான் என் உம்மாவின் குரல் காணாமற்போனது.

உம்மா அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிய பிறகுதான் கலியாணப் பேச்சு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். நான் ஒரே மகள். எனக்குப் பால் பல் விழுந்து முடிவதற்குள் என் கலியாண வீட்டுக்காக உம்மா கடல் தாண்டிப் போயிருந்தார். நிந்தவூரில் எங்கள் வளவில் அந்த வீடு ஜன்னல் மட்டத்தில் நின்றது. வாப்பா பின்னேரங்களில் அதைச் சுற்றிவந்து சுவருக்குத் தண்ணீர் அடிப்பார். அந்த வீட்டுக்காக அவர் சிந்திய வியர்வை அவ்வளவுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

குவைத்து வீட்டில் உம்மா கைபேசி வைத்திருக்கக் கூடாது. எப்போதாவது, எஜமானி பக்கத்தில் நிற்க, சுகம் விசாரித்து இரண்டு வார்த்தை பேசுவார். அந்த வீட்டுப் பிள்ளை கழித்து எறிந்த பாட்டு மெசின் ஒன்றை, ஊர் திரும்பிய சாய்ந்தமருதுப் பெண்ணொருத்தியிடம் இரகசியமாகக் கொடுத்து விட்டிருந்தார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே எங்களுக்கு விளங்காத அரபுப் பாட்டுகள். அவற்றின் கடைசியில், அதிலேயே பேசிப் பதிந்த உம்மாவின் குரல்.

"மகள், சாப்பிட்டயா? தலைக்கு எண்ண வெச்சி இழுத்துப் பின்னு. பேனோட ஸ்கூலுக்குப் போகாத."

அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். சில நாளில் சார்ஜ் தீர்ந்தது. கம்பியைக் கொம்பியூட்டரில் குத்தினால்தான் அதற்கு உயிர் வரும். எங்கள் குடும்பத்தில் கொம்பியூட்டர் மாமாவிடம் மட்டும்தான் இருந்தது.

மாமா சார்ஜ் ஏற்றியதோடு விட்டிருக்கலாம். பாட்டுக் கேட்பது ஹராம், அதை எடுத்துவிட்டுக் குர்ஆன் ஓதலை ஏற்றித் தருகிறேன் என்று புறப்பட்டார். மெசின் சம்மதிக்கவில்லை. ஏதோ ஒரு சூறா ஏறும், பாதியில் நின்றுவிடும். "கொம்பியூட்டரோட சிங்க் ஆகுதில்ல" என்றார், நாடி பிடித்த பரிசாரியைப் போல. கம்பியை மாற்றினார். ஓட்டையில் ஊதினார். பிஸ்மி சொல்லிக் குத்தினார். கொம்பியூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டார். கடைசியில் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது.

"இது வேற கொம்பியூட்டருக்குச் சொந்தமாம். அங்கதான் ஒத்துப்போகுமாம்."

"குவைத்து வீட்டுக் கொம்பியூட்டரா மாமா?"

"ஓம். அவங்கட சாமான் அவங்களுக்குத்தான் அடங்கும்."

உம்மாவின் பாஸ்போர்ட்டும் அந்த வீட்டு அலுமாரியில்தான் பூட்டிக் கிடந்தது.

இடம் போதாமல் இருக்கலாம் என்று மாமா உள்ளே துழாவினார். நான் அறியாத ஒரு மூலையில் இன்னும் சில ஒலிப்பதிவுகள் இருந்தன. எல்லாம் உம்மா பேசியவை. நான் துள்ளிக் குதித்தேன். மாமா இயர்போனை மாட்டி ஒன்றைக் கேட்டார். அவர் முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. வாப்பாவைக் கடைக்குக் கூப்பிட்டார். வாப்பா வந்ததும் இருவரும் ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு, தலையோடு தலை முட்ட உட்கார்ந்து கேட்டார்கள். எனக்கும் தாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ போய் ஐஸ்பழம் வாங்கிக் குடி புள்ள" என்றார் வாப்பா. கேட்டாலும் வாங்கித் தராத மனிதர். நான் சந்தோசமாக ஓடினேன்.

திரும்பி வந்தபோது மெசின் திருந்தியிருந்தது. சூறாக்கள் எல்லாம் ஒழுங்காக ஏறியிருந்தன. உம்மா இல்லை.

"மெசின் எல்லாத்தையும் அழிச்சிட்டுது. நாங்க என்ன செய்யிற?" என்றார் மாமா.

ஐஸ்பழம் உருகி முழங்கைவரை வழிய, நின்று அழுதேன். ஒருநாளும் என் தலையைத் தொடாத வாப்பா அன்றைக்கு பஸ்ஸில் காரைதீவு தாண்டும்வரை தடவிக்கொண்டே வந்தார். எனக்கு மெசின்மீதுதான் கோபம்.

மெசின் தானாக எதையும் அழிப்பதில்லை. அழிக்கவா என்று கேட்கும். ஓம் என்று ஓர் ஆள் அழுத்த வேண்டும். என் கைக்கு ஒரு கொம்பியூட்டர் வந்த பிறகே இது எனக்குத் தெரிந்தது. அவர்கள் கேட்டது என்னவென்பதை, உம்மா மவுத்தாகி, அடக்கம் செய்து பல காலத்துக்குப் பின், வாப்பா படுக்கையில் கிடந்து சொன்னார்.

"அடிக்கிறாங்க, வீடு ஒண்டும் வேணாம், என்ன எப்பிடியாவது எடுங்க எண்டு அழுதா. கூர போடாம எப்பிடிப் புள்ள கூப்பிடுற?"

அந்தக் கூரைக்குக் கீழே கிடந்துதான் என்னைக் கேட்டார். மாமாவோடு இன்றுவரை பேச்சில்லை.

அந்த நாளில், கூரை போட்டு, சீமெந்துத் தரையும் இழுத்த பிறகுதான் உம்மா குவைத்திலிருந்து வந்தார். ஒரு கையில் முழங்கைவரை சூடு பட்ட தழும்பு. வந்த அன்று சனமெல்லாம் முன் அறையில் இருக்க, என்னை உள்ளே கூட்டிப்போய் மடியில் இருத்திக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"மெசினுக்குள்ள உம்மா கதைச்சத வாப்பா கேட்டாரா மகள்?"

எனக்குத் தெரிந்தது எண்ணெயும் பேனும்தான்.

"ஓம் உம்மா. வாப்பாவும் கேட்ட, மாமாவும் கேட்ட. எல்லாரையும் விட நான்தான் கூடக் கேட்டன்."

"நீயுமா?"

"ஓம். ஒவ்வொரு நாளும்."

உம்மா என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டார். விளக்குமாற்றை எடுத்து, ஏற்கெனவே கூட்டியிருந்த அந்தப் புதுத் தரையைத் திரும்பவும் கூட்டத் தொடங்கினார். பயணக் களைப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டு, அவர் கொண்டுவந்த டொபியைத் தேடி நான் முன் அறைக்கு ஓடிவிட்டேன்.